விழும் பொருளும் ஓடும் இலக்கும்

மட்டக்களப்பு வாவியைக் கடக்கும் கல்லடிப் பாலத்தை அறியாதார் யார்? மீன் பாடும் ஓசையால் புகழ்பெற்ற அவ்விடத்திலே, மாணவர் எளிதாகச் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்றும் உண்டு.

தோணிகள் வராத வேளையில், நீரோட்டத்தில் மிதந்து வரும் தேங்காய் மட்டை ஒன்றைக் குறியாகக் கொள்ளுங்கள். அது நேர் கீழே வந்ததும் கையிலுள்ள கூழாங்கல்லை விடுங்கள். கல் தவறிப் பின்னால் விழும்! ஏன்? கல் நீரை அடைவதற்குள் மட்டை நகர்ந்துவிட்டது.

எவ்வளவு முன்னதாகக் கல்லை விடவேண்டும்? கலிலியோ கண்ட விதி விடை தருகிறது. விழும் காலத்தைச் செக்கனில் எடுத்து, அதன் வர்க்கத்தை ஏறத்தாழ ஐந்தால் பெருக்கினால், விழுந்த தூரம் மீற்றரில் கிடைக்கும். ஒரு செக்கனில் 5 மீற்றர். இரண்டு செக்கனில் 20. மூன்று செக்கனில் 45. காற்றின் தடை சிறிதாயின், கல்லின் பாரத்தால் இக்கணக்கு மாறுவதில்லை. உங்கள் கை நீருக்கு மேல் 5 மீற்றர் உயரத்தில் இருப்பதாகவும், மட்டை செக்கனுக்கு அரை மீற்றர் நகர்வதாகவும் கொள்வோம். மட்டை அரை மீற்றர் அப்பால் இருக்கும்போதே கல்லை விடவேண்டும். இலக்கு இருக்கும் இடத்தையன்று, அது இருக்கப்போகும் இடத்தையே குறிபார்த்தல் வேண்டும்.

விளையாட்டாகத் தோன்றும் இக்கணக்கு, 1942 ஆம் ஆண்டு ஏப்ரல் 9 ஆம் நாள், இவ்வாவிக்கு அப்பாற்பட்ட கடலிலே கொடிய உண்மையாயிற்று. 'ஹேர்மிஸ்' என்ற பிரித்தானியக் கப்பல், விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பலாகும். யப்பானியர் தாக்கவருகின்றனர் என்ற செய்தி கிட்டியதும் அது திருகோணமலையை விட்டுத் தெற்கே வந்திருந்தது. அன்று அதில் விமானங்கள் இல்லை. துறைமுகத்துக்குத் திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு அண்மையில் பகைவரின் விமானங்கள் அதனைச் சூழ்ந்தன.

ஹேர்மிஸின் நீளம் ஏறத்தாழ 183 மீற்றர். அதன் உச்ச வேகம் மணிக்கு 25 கடல்மைல், அதாவது செக்கனுக்கு ஏறத்தாழ 13 மீற்றர். 2000 மீற்றர் உயரத்தில் மட்டமாகப் பறக்கும் விமானம் குண்டை விடுவதாகக் கொள்வோம். அக்குண்டு விமானத்தின் முன்னோக்கிய வேகத்தையும் தன்னுடன் கொண்டே விழும். விழ எடுக்கும் காலமோ 20 செக்கன். அதற்குள் கப்பல் 260 மீற்றர், தன் நீளத்தினும் மிகுதியாக, ஓடிவிடும். தலைவன் சுக்கானைத் திருப்பித் தப்பவும் இடமுண்டு.

ஆனால் அன்று வந்தவை மட்டமாகப் பறந்து குண்டு போடவில்லை. மீன்கொத்தி நீரை நோக்கிப் பாய்வதுபோல் அவை செங்குத்தாய்ப் பாய்ந்தன. கீழ்நோக்கிச் செக்கனுக்கு 90 மீற்றர் வேகத்தோடு பாய்ந்து, 440 மீற்றர் உயரத்தில் குண்டை விட்டால் என்னாகும்? அவ்வேகத்தால் நான்கு செக்கனில் 360 மீற்றர். புவியீர்ப்பால் மேலும் 80 மீற்றர். ஆக, நான்கே செக்கன்! கப்பல் நகர்வதோ 52 மீற்றர். தன் நீளத்தில் மூன்றிலொரு பங்குமில்லை. சுக்கானைத் திருப்பினும், அத்துணைப் பெருங்கப்பல் திரும்பத் தொடங்குமுன் குண்டு விழுந்துவிடும்.

ஹேர்மிஸ் மூழ்கியது. தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டனர். துணைவந்த 'வம்பயர்' என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலும் மூழ்கிற்று. கடலில் தத்தளித்தோருள் ஏறத்தாழ 600 பேரை 'வைற்றா' என்னும் மருத்துவக் கப்பல் மீட்டது.

வெள்ளம் சூழ்ந்த ஊருக்கு விமானத்திலிருந்து உணவுப் பொதி இடுபவனும் இதே கணக்கைத்தான் போடுகிறான். கணக்கு நண்பனையும் பகைவனையும் அறியாது. அதனை எதற்குப் பயன்படுத்துவது என்பதை மனிதனே முடிவுசெய்கிறான். 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஹேர்மிஸ் இன்றும் கிடக்கிறது. அடுத்த முறை பாலத்திலிருந்து கூழாங்கல்லைக் கைவிடும்போது, அந்நான்கு செக்கன்களையும் சிறிது எண்ணிப் பாருங்கள்.