சென்னைக்கு ஒன்றரை மணி நேரமா?

மாணவர்களே, கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் போகும் ஒரு விமான டிக்கெட்டில், புறப்பாடு காலை 9.00, சென்றடைதல் காலை 10.30 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். "அடேயப்பா, ஒன்றரை மணி நேரம்தான்! ஜாசினிலிருந்து கேஎல்ஐஏ போகவே அவ்வளவு ஆகிறதே" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். நீங்கள் அறிவியல் படிப்பவர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே மிகக் குறுகிய வழியில் ஏறக்குறைய 2,630 கிலோமீட்டர். அதை 1.5ஆல் வகுத்தால் மணிக்கு 1,750 கிலோமீட்டருக்கு மேல் வருகிறது. ஒலியைவிட வேகம்! நாம் ஏறும் விமானங்கள் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில்தான் பறக்கின்றன. திரும்பி வரும் டிக்கெட்டோ காலை 11.30க்குப் புறப்பட்டு மாலை 6.00க்கு வந்து சேரும் என்கிறது. அதே தூரத்துக்கு இப்போது ஆறரை மணி நேரம்!

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். இதுதான் விஷயம். போகும்போது கழிந்த நேரம் வரும்போது கூடிவிடுகிறது. ஆகவே 1.5, 6.5 இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4. அதுவே உண்மையான பயண நேரம். கழித்து இரண்டால் வகுத்தால் 2.5. அது இரு நாட்டுக் கடிகாரங்களின் வேறுபாடு. (காற்றின் போக்கால் போக வரச் சில நிமிடங்கள் மாறும், இங்கே அதை விட்டுவிட்டோம்.) 850 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று மணி நேரம் சொச்சம்தானே ஆக வேண்டும் என்று கேட்பீர்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, இறங்குவது எல்லாம் மெதுவாக நடப்பவை. மீதி நேரம் அதில் போகிறது.

சூரியனைக் கேட்டால் வேறு பதில் சொல்லும். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே 21 பாகைக்குச் சற்று அதிகம். அதாவது சுமார் 1 மணி 26 நிமிடம். பிறகு எப்படி இரண்டரை மணி? இந்தியா தன் கடிகாரத்தை 82.5 பாகைக் கோட்டுக்கு வைத்திருக்கிறது. நாமோ 120 பாகைக்கு. 1982 ஜனவரி 1 முதல், சபா, சரவாக் நேரத்தோடு ஒத்துப்போகத் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. மலாக்காவோ 102 பாகையில் இருக்கிறது. காலை ஆறரைக்குப் பள்ளிப் பேருந்துக்கு இருட்டில் நிற்கிறீர்களே, காரணம் இதுதான். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவதும் பெரும்பாலும் ஒரு மணிக்கு மேல்தான்.

இது வெறும் பாடக் கணக்கு இல்லை. முதன்முறையாக விமானம் ஏறும் பாட்டியை அழைத்துப்போகச் சென்னை மாமாவிடம் "ஒன்பதோடு நாலைக் கூட்டி ஒரு மணிக்கு வாங்க" என்று சொல்லிவிட்டால், பாட்டி அங்கே இரண்டரை மணி நேரம் தனியாக நிற்பார்.

இப்போது உங்களுக்கு ஒன்று. ஆப்பிரிக்காவின் லாகோஸில் பகல் 12.00க்குக் கிளம்பும் விமானம் நைரோபியில் இரவு 7.00க்கு இறங்குகிறது. மறுநாள் நைரோபியில் காலை 8.00க்குக் கிளம்பி லாகோஸில் 11.00க்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தூரம் சுமார் 3,800 கிலோமீட்டர். பயண நேரம் என்ன, சராசரி வேகம் என்ன, இரண்டு நகரங்களில் எது கிழக்கே இருக்கிறது? வரைபடத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.