மெஷின் சரி, ஸ்ட்ரிப்பைப் பார்த்தீர்களா?

குளுக்கோமீட்டர் வாங்கும்போது கம்பெனி கேட்டு, விலை கேட்டு, நாலு பேரிடம் விசாரித்துத்தான் வாங்குகிறோம். ஸ்ட்ரிப் டப்பாவைத் திருப்பிப் பார்ப்பவர்தான் குறைவு. ஆனால் மாதாமாதம் காசு போவது ஸ்ட்ரிப்புக்கு. அளவு தப்பிப்போக அதுவும் ஒரு முக்கியக் காரணம்.

ஸ்ட்ரிப்பில் தடவியிருக்கும் நொதி, ரத்தத்திலுள்ள குளுக்கோஸோடு வினைபுரிகிறது. அதில் உண்டாகும் சிறு மின்னோட்டத்தைத்தான் மெஷின் எண்ணாகக் காட்டுகிறது. ஈரக்காற்று பட்டால் நொதி கெடும். மூடியைத் திறந்தே வைப்பதும், பத்திரம் என்று நினைத்து ஃப்ரிட்ஜில் வைப்பதும் தவறு. பல ஸ்ட்ரிப்களுக்கு டப்பா திறந்த நாளிலிருந்து தனிக் கெடு உண்டு. திறந்த தேதியை டப்பா மேலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது விரல். பழம் நறுக்கிய கையோடு குத்தினால், உடம்பில் இல்லாத சுகர் மெஷினில் ஏறும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் அந்தப் பிசுக்கு முழுதாகப் போகாது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் கூட்டிப் போட்டால் ஆபத்து. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். ரத்தம் வரவில்லையென்று பிதுக்கக் கூடாது.

லேப் ரிப்போர்ட்டும் வீட்டு மெஷினும் ஒத்துப்போகவில்லையே என்று பலர் குழம்புகிறார்கள். லேப் 200 என்றால், 170 முதல் 230 வரை மெஷின் காட்டுவதைச் சர்வதேசத் தர விதியே ஏற்கிறது.

ஊசி விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. கணவன் மனைவியானாலும் ஒருவர் ஊசியை, ஊசிப் பேனாவை இன்னொருவர் தொடக் கூடாது. ஹெபடைட்டிஸ் பி இப்படிப் பரவியிருக்கிறது. சுகர் பரிசோதனை முகாமில் உங்கள் கண்ணெதிரே புது ஊசி பிரிக்கச் சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

70-க்குக் கீழே காட்டினால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

ரத்தமே எடுக்காமல் சுகர் காட்டும் வாட்ச் என்று வரும் விளம்பரங்களை நம்ப வேண்டாம். தோலைத் துளைக்காமல் தானே சுகரை அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

குளுக்கோமீட்டர், ஸ்ட்ரிப் இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலையே கேட்டால் காரணம் கேளுங்கள், பில் வாங்குங்கள். எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கினாலோ, காலாவதியான டப்பாவை மாற்றித் தர மறுத்தாலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் செய்யலாம். தமிழிலேயே பேசலாம்.