ஒரு நொடிக்கு எத்தனை ஓவியம்?

திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம்கள் ஓடுகின்றன. கார்ட்டூன் என்றால் அத்தனையையும் யாராவது உட்கார்ந்து வரைய வேண்டும். ஒரு நிமிடத்துக்கு 1,440. ஒன்றரை மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1,30,000. இந்தக் கணக்கோடு மனிதர்கள் மல்லுக்கட்டிய கதைதான் அனிமேஷனின் வரலாறு. அவரவர் கைக்காசுக்கும் ஆள்பலத்துக்கும் ஏற்ப ஆளுக்கொரு வழி கண்டார்கள்.

லூமியர் சகோதரர்கள் சினிமா காட்டுவதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1892-இல், பாரிஸில் எமில் ரெனோ கையால் தீட்டிய படங்களைத் திரையில் அசைய வைத்தார். ஒரு கதைக்குச் சுமார் 500 ஓவியம். அது போதாது என்பதால் சுருளைக் கையாலேயே முன்னும் பின்னும் சுழற்றி, அதே படங்களை மீண்டும் மீண்டும் காட்டி நேரத்தை நீட்டினார். சினிமா வந்ததும் அவரது அரங்கு நொடித்துப்போனது. மனமுடைந்த ரெனோ தன் சுருள்களில் பெரும்பாலானவற்றை சேன் நதியில் வீசிவிட்டார். உலகம் இழந்த பெரும் செல்வங்களில் அதுவும் ஒன்று.

அசையாத படங்கள் அசைவதாக ஏன் தோன்றுகின்றன? பார்த்த பிம்பம் விழித்திரையில் சற்று நேரம் தங்குவதால் என்று பல புத்தகங்கள் இன்றும் சொல்கின்றன. அது மட்டும் என்றால் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து குழம்பித்தான் தெரியும். சற்றே இடம் மாறிய இரண்டு உருவங்கள் அடுத்தடுத்துத் தோன்றும்போது, நடுவில் இல்லாத நகர்வை மூளையே உண்டாக்கிக்கொள்கிறது. ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. மூளை இவ்வளவு தாராளமாக நிரப்பிக்கொள்வதால்தான் ஓவியர்களால் படங்களின் எண்ணிக்கையைக் குறைக்க முடிந்தது.

1914-இல் அமெரிக்கர் வின்சர் மெக்கே ‘கெர்ட்டி’ என்ற டைனோசரை உலவவிட்டார். பெரும்பாலும் அசைவது டைனோசர்தான். ஆனாலும் பின்னாலிருந்த பாறையையும் நீரையும் உதவியாளர் ஒருவர் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைந்தார். அதே ஆண்டு ஏர்ல் ஹர்ட் ஒரு விடை கண்டார்: பின்னணியை ஒரே முறை வரைந்துவிட்டு, அசையும் உருவத்தை மட்டும் செல்லுலாய்டுத் தாளில் தீட்டி அதன்மேல் வைப்பது. வால்ட் டிஸ்னி உட்படப் பலரும் பல பத்தாண்டுகள் பின்பற்றிய முறை இது.

வரைவதையே தவிர்த்தவர்களும் உண்டு. 1917-இல் அர்ஜென்டினாவின் கிரினோ கிறிஸ்தியானி அட்டையில் வெட்டிய உருவங்களை நகர்த்தி, அந்நாட்டு அதிபரைக் கேலி செய்யும் முழுநீளப் படமொன்று எடுத்தார். உலகின் முதல் முழுநீள அனிமேஷன் படம் அது. ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. ஜெர்மனியின் லோட்டே ரைனிகர் கறுப்பு அட்டையில் கத்தரித்த உருவங்களுக்குக் கம்பியால் மூட்டுகள் அமைத்தார். கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடிமேல் அவற்றைப் பரப்பி, இம்மி இம்மியாக நகர்த்திப் படம் பிடித்தார். மூன்று ஆண்டு உழைப்பில் 1926-இல் வெளிவந்த ‘இளவரசர் அஹமதின் சாகசங்கள்’, இன்று எஞ்சியிருக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது. முகம் தெரியாத நிழல்களின் விரலசைவில் இத்தனை உணர்ச்சி இருக்க முடியுமா என்று இப்போதும் வியக்க வைக்கிறது.

1937-இல் டிஸ்னியின் ‘ஸ்னோ வைட்’ வந்தபோது அதன் பகட்டு உலகையே மயக்கியது. ஷாங்காயில் அதைப் பார்த்த வான் சகோதரர்கள், ஜப்பானியப் படை சூழ்ந்திருந்த அந்த நகரிலேயே, சீனக் குரங்கரசன் கதையை எடுத்து 1941-இல் ‘இரும்பு விசிறி இளவரசி’யை முடித்தார்கள். நடிகர்களை முதலில் படம் பிடித்து, அதன்மேல் கோடிழுக்கும் உத்தி அவர்களுக்குக் கைகொடுத்தது. அந்தப் படம் பகை நாடான ஜப்பானிலும் ஓடியது. அதைப் பார்த்துக் கிறங்கிய சிறுவர்களில் ஒருவர் ஒசாமு தெசுகா.

அதே தெசுகா 1963 ஜனவரி 1 அன்று ‘ஆஸ்ட்ரோ பாய்’ தொடரைத் தொலைக்காட்சியில் தொடங்கினார். வாரம் அரை மணி நேரம், பணமோ சொற்பம். நொடிக்கு 24 ஓவியம் நினைத்தும் பார்க்க முடியாத ஆடம்பரம். ஆகவே ஓர் ஓவியத்தை மூன்று பிரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு எட்டு ஓவியமாகக் குறைத்தார். பேசும்போது வாய் மட்டும் அசைந்தது. பறக்கும் காட்சிகளைச் சேமித்துவைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தினார். அசைவில் குறைந்ததைக் கதையும் காட்சிக் கோணங்களும் ஈடுகட்டின. உறைந்து நிற்கும் முகம், திடீர்ப் பாய்ச்சல் என்று உலகம் இன்று ரசிக்கும் அனிமே பாணி இந்த நெருக்கடியில் வேர்விட்டதுதான்.

இப்போது நடுவில் வரும் படங்களைக் கணினியே கணக்கிட்டுத் தருகிறது. ஆனாலும் 2018-இல் வந்த ‘ஸ்பைடர்-மேன்: இன்டு தி ஸ்பைடர்-வெர்ஸ்’ படத்தின் கலைஞர்கள், வித்தை பழகாத நாயகன் மைல்ஸை நொடிக்கு 12 அசைவுகளில் தடுமாறவிட்டு, தேர்ந்த பீட்டர் பார்க்கரை 24-இல் பறக்கவிட்டார்கள்.