வலி போய்விட்டது, காயம் ஆறிவிட்டதா?

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் அஸ்ருக்குப் பிறகு நம் ஊர் மைதானங்கள் நிரம்பிவிடும். காயல்பட்டினம், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் கால்பந்து தலைமுறை தலைமுறையாக வரும் விளையாட்டு. இன்று பெண் பிள்ளைகளும் பள்ளிகளில் கைப்பந்து, கபடி, ஓட்டம் என்று ஆர்வமாகப் பங்கெடுக்கிறார்கள். கைப்பேசியில் தலை குனிந்து கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

விளையாட்டு என்றால் அடிபடும். கணுக்கால் மடங்கும், முழங்கால் திருகும், தொடைத் தசை பிடிக்கும். அதற்கு நம் குடும்பங்கள் பெரும்பாலும் சரியாகவே ஓடியாடிப் பார்க்கின்றன. ஐஸ் வைக்கிறோம், எலும்பு மருத்துவரிடம் போகிறோம், ஸ்கேன் எடுக்கிறோம். தவறு நடப்பது அதற்குப் பிறகு வரும் நாட்களில். இரண்டு வாரத்தில் வீக்கம் வடிகிறது, வலி குறைகிறது. வெள்ளிக்கிழமை அரையிறுதி ஆட்டம். நண்பர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். "இப்போ வலியே இல்லைம்மா" என்கிறான் மகன். தாயும் ஷூவை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்.

வலி நின்றுவிட்டது என்பதும் காயம் ஆறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. இதைக் குடும்பத்தில் ஒருவராவது தெளிவாகப் புரிந்திருக்க வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

தசையோ, மூட்டைப் பிடித்திருக்கும் ஜவ்வோ கிழிந்தால் உடல் அதை மூன்று கட்டங்களாகச் சரிசெய்கிறது. முதல் சில நாட்கள் வீக்கமும் வலியும் இருக்கும். சேதமான பகுதியை உடல் சுத்தம் செய்யும் காலம் அது. அடுத்த சில வாரங்களில் கிழிந்த இடத்தில் புதிய நார்கள் உருவாகின்றன. இவை அவசரத்தில் போட்ட ஒட்டு போன்றவை. ஒழுங்கில்லாமலும் பலமில்லாமலும் இருக்கும். மூன்றாவது கட்டத்தில்தான் அந்த நார்கள் சுமை விழும் திசைக்கேற்ப வரிசையாகி உறுதிப்படுகின்றன. இதற்குப் பல மாதங்கள் ஆகலாம்.

வலி முதல் கட்டத்தோடோ இரண்டாவது கட்டத்தின் நடுவிலோ விடைபெற்றுவிடுகிறது. அதாவது, உள்ளே ஒட்டு மட்டுமே போடப்பட்டிருக்கும் நேரத்தில் வெளியே எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தெரிகிறது.

முழங்காலின் நடுவே இருக்கும் ஏசிஎல் ஜவ்வு கிழிந்தவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அறுவை சிகிச்சையில், பெரும்பாலும் நோயாளியின் உடலிலிருந்தே ஒரு தசைநாணை எடுத்து ஜவ்வுக்குப் பதிலாகப் பொருத்துகிறார்கள். பொருத்திய நாண் உடனே பலமாகிவிடுவதில்லை. அது புதிய இடத்தில் இரத்த ஓட்டம் பெற்று உயிர்பிடிக்கும் முன், முதலில் பலம் குறைகிறது. சுமார் 6 முதல் 12 வாரங்களுக்குள் அது மிகவும் பலவீனமாக இருக்கும். பிள்ளை தாங்கல் இல்லாமல் நடந்து, படியேறி, "நல்லாயிட்டேன்" என்று சொல்லும் காலமும் அதுதான்.

டெலவேர், ஓஸ்லோ ஆய்வாளர்கள் சேர்ந்து 106 பேரைக் கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. அறுவைக்குப் பின் 9 மாதம் வரை, மைதானத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயம்படும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று அது கண்டது. பொறுமைக்கு இவ்வளவு தெளிவான கூலி வேறு எங்கே கிடைக்கும்?

இருவேறு வீரர்கள்

பிரேசிலின் ரொனால்டோவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1999 நவம்பரில் இன்டர் மிலான் அணிக்காக ஆடும்போது அவருடைய வலது முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாண் காயம்பட்டது. அறுவை சிகிச்சை நடந்தது. ஐந்து மாதம்கூட நிறையாத நிலையில், 2000 ஏப்ரல் 12 அன்று ரோம் நகரில் லாட்சியோவுக்கு எதிரான இத்தாலியக் கோப்பை இறுதியாட்டத்தில் மாற்று வீரராக இறங்கினார். ஏழு நிமிடம்கூடத் தாங்கவில்லை. பந்தோடு உடலை வளைத்துத் திரும்பியபோது, யாரும் மோதாமலேயே அந்த நாண் முழுமையாக அறுந்தது. அடுத்து மைதானம் காண ஓராண்டுக்கு மேல் ஆனது. அந்த முறை நீண்ட காலம் பொறுத்து, படிப்படியாகப் பயிற்சி செய்து திரும்பியவர், 2002 உலகக் கோப்பையில் 8 கோல்கள் அடித்தார். இறுதியாட்டத்தின் இரண்டு கோல்களும் அவருடையவை.

முஹம்மது ஸலாஹ் 2018 மே 26 அன்று சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் தோளில் அடிபட்டு வெளியேறினார். மூன்று வாரத்தில் உலகக் கோப்பை. எகிப்து 28 ஆண்டுகளுக்குப் பிறகு தகுதி பெற்றிருந்தது. நாடே அவரை எதிர்பார்த்திருந்தது. ஆனாலும் ஜூன் 15 அன்று உருகுவேக்கு எதிரான முதல் ஆட்டத்தில் பயிற்சியாளர் அவரை இறக்கவில்லை. அன்று ஸலாஹ்வின் பிறந்த நாள். கடைசி நிமிடங்களில் விழுந்த கோலில் எகிப்து தோற்றதை அவர் வெளியே உட்கார்ந்து பார்த்தார். ஒரு நாடே காத்திருந்த வீரரை உட்கார வைக்க முடியுமென்றால், தெருவணியின் அரையிறுதிக்காக நம் பிள்ளையை உட்கார வைக்க முடியாதா?

மார்க்கம் காட்டும் மூன்றாவது நிலை

மனிதன் ஒன்று நோயாளி, இல்லையென்றால் நலமானவன் என்றே நாம் நினைக்கிறோம். அரபு மொழியில் இரண்டுக்கும் நடுவில் இன்னொரு சொல் இருக்கிறது: 'நாகிஹ்'. நோய் விட்டுப் போய், பலம் இன்னும் திரும்பாதவர் என்று பொருள். அந்தச் சொல் ஹதீஸிலேயே வருகிறது.

நபி (ஸல்) அவர்களும் அலீ (ரலி) அவர்களும் உம்முல் முன்திர் (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றிருந்தார்கள். அங்கே பேரீச்சங்குலைகள் தொங்கின. நபியவர்கள் சாப்பிட, அலீ (ரலி) அவர்களும் எடுத்தார்கள். அவர்கள் அப்போதுதான் நோயிலிருந்து தேறியிருந்ததால், நபியவர்கள் அவர்களைத் தடுத்தார்கள். பிறகு வாற்கோதுமையும் கீரையும் சேர்த்துச் சமைத்த உணவு வந்தபோது, இதைச் சாப்பிடுங்கள், இதுவே உமக்கு ஏற்றது என்ற கருத்தில் சொன்னார்கள். இது அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள். தேறிவரும் உடல் முழு நலமுள்ள உடலைப் போன்றதல்ல. மற்றவருக்கு ஆகுமான ஒன்று அதற்கு இப்போதைக்கு ஆகாமல் இருக்கலாம். இரண்டாவது, நபியவர்கள் தடுத்ததோடு விடவில்லை. ஏற்றதை உண்ணச் சொன்னார்கள். விளையாட்டுக் காயத்திலும் அப்படித்தான். மாதக்கணக்கில் கட்டிலில் படுக்க வைப்பதும் சிகிச்சையல்ல. அசையாத தசை சுருங்கி, மூட்டு இறுகிவிடும். ஆட்டம் இப்போது வேண்டாம், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் பயிற்சி இப்போதே வேண்டும் என்பதுதான் சரியான வழி.

இன்னொரு நிகழ்வு நம்மை எச்சரிக்கிறது. பயணத்தில் தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்புக் கடமையானது. தயம்மும் செய்ய எனக்குச் சலுகை உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். இல்லை என்றார்கள். குளித்தார், இறந்துபோனார். செய்தி அறிந்த நபியவர்கள், தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்று கடுமையாகக் கண்டித்தார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. காயத்தைப் பற்றி அறியாதவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது இதன் சாரம். "ஒண்ணும் ஆகாதுடா, பேண்டேஜ் சுத்திட்டு வா" என்று அழைக்கும் நண்பர்கள் கெட்டவர்கள் அல்ல. அறியாமல் தீர்ப்புச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

அல்லாஹ் நாடினால் ஒன்றும் ஆகாது என்று சொல்லி இறங்குவதும் தவக்குல் ஆகாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பொறுப்புச் சாட்டுவதே நமக்குக் கற்றுத்தரப்பட்ட தவக்குல்.

தொழுகையும் முழங்காலும்

முழங்காலில் அறுவை நடந்த பிள்ளை ஸஜ்தாவில் காலை முழுவதும் மடக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், அதைக் கேட்பதில் குற்றமில்லை. நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் சாய்ந்து தொழும் சலுகையை நபியவர்களே நோயுற்ற தோழருக்கு அளித்திருக்கிறார்கள். கட்டுப் போட்டிருந்தால் உளூவுக்கான சட்டமும் இலகுவானது. விவரங்களை உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் நாற்காலியில் அமர்ந்து தொழும் முழங்கால், அதே வாரம் மைதானத்தில் ஓட முடியுமா என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும். ஸஜ்தாவுக்குச் சலுகை கேட்கும் மூட்டு, பந்துக்காகத் திரும்பி வளைவதற்குத் தயாராகியிருக்காது.

எப்போது திரும்பலாம்?

தேதியைப் பார்த்து முடிவெடுக்காமல், காலின் திறனையும் பார்த்து முடிவெடுங்கள்.

அடிபட்ட காலில் மட்டும் ஆடாமல் நிற்க முடிகிறதா? ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்க முடிகிறதா? ஒற்றைக் காலில் தாவினால் நல்ல கால் தாவும் தூரத்தை எட்டுகிறதா? ஏசிஎல் அறுவை நடந்தவர்களுக்கு, தொடைத் தசையின் பலம் மற்றக் காலோடு ஒப்பிட 90 சதவீதமாவது வந்திருக்க வேண்டும் என்று நிபுணர்கள் பார்க்கிறார்கள். இதை வீட்டில் அளக்க முடியாது. பிசியோதெரபிஸ்ட்தான் அளக்க வேண்டும்.

பிறகு படிப்படியாக: வேக நடை, நேர் ஓட்டம், வளைந்து திரும்பும் ஓட்டம், மோதல் இல்லாத பயிற்சி, முழுப் பயிற்சி, கடைசியாகத்தான் போட்டி. ஒரு படியில் வலியோ வீக்கமோ வந்தால் முந்தைய படிக்குத் திரும்ப வேண்டும். வலி மாத்திரை போட்டுக்கொண்டு களமிறங்கவே கூடாது. வலி, உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. மணியின் வாயை அடைத்தால் தீ அணைந்துவிடாது.

தலையில் அடிபட்டு மயக்கமோ, தலைச்சுற்றலோ, குழப்பமோ வந்தால் அன்றைய ஆட்டத்துக்கு மறுபடி இறங்கவே கூடாது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அணி நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். காயத்திலிருந்து திரும்பும் பிள்ளையிடம் "ரெடியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். மருத்துவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். வெளியே இருக்கும் நாட்களிலும் அவனை அணியோடு உட்கார வையுங்கள். பல பிள்ளைகள் அவசரப்படுவது கோப்பைக்காக அல்ல. இடம் போய்விடும், மறந்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான்.

நம் உடல் நமக்குச் சொந்தமல்ல, அமானத். 17 வயதில் கிழிந்து சரியாக ஆறாத முழங்கால், நாற்பதைத் தொடும் முன்பே தேய்மானத்தைக் காட்டத் தொடங்கலாம். ஒரு போட்டி போனால் அடுத்த விடுமுறையில் இன்னொன்று வரும். அறுபது வயதிலும் ஸஜ்தாவுக்கு மடங்க வேண்டிய முழங்காலைப் பிள்ளைகள் இப்போதே பாதுகாக்கட்டும். காயம்பட்ட அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவையும், அதற்காகக் காத்திருக்கும் பொறுமையையும் தருவானாக!