கோவில்பட்டிக் கடலை மிட்டாய் கடல் தாண்ட என்ன வேண்டும்?

கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சிங்கப்பூரிலும் துபாயிலும் நியூ ஜெர்சியிலும் அதற்கு ஆள் இருக்கிறது. விடுமுறைக்கு ஊர் வந்து திரும்புகிறவர்கள் பெட்டியில் அள்ளிப்போட்டுக்கொண்டு போவதே அதற்குச் சாட்சி. ஆனால், தெரிந்தவர் பெட்டியில் போவது வேறு, சரக்காகக் கப்பலேறி அந்த ஊர்க் கடையில் விலைக்கு நிற்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் சிறு உற்பத்தியாளர் எங்கே மாட்டிக்கொள்கிறார் என்று பார்ப்போம்.

பலரும் பயப்படுவது காகித வேலைக்கு. உண்மையில் அது கடக்கக்கூடியதுதான். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம் தரும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண்ணை 500 ரூபாய் கட்டி இணையத்திலேயே வாங்கிவிடலாம். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூன் மாதத்துக்குள் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் எண் செயலிழந்துவிடும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம் வேண்டும். கடலைப் பொருட்களுக்கு வேளாண் பொருள் ஏற்றுமதி வளர்ச்சி ஆணையமான ‘அபீடா’விலும், மிளகாய், மஞ்சள் என்றால் நறுமணப் பொருள் வாரியத்திலும் பதிவுசெய்ய வேண்டும். ஏற்றுமதிப் பயிற்சி வகுப்புகள் இதைச் சொல்லிக்கொடுப்பதோடு நின்றுவிடுவதுதான் என் வருத்தம். சரக்கு திரும்பி வருவது பெரும்பாலும் காகிதத்தால் அல்ல.

கடலையில் வருகிற பூசணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் பின் சரியாகக் காயாத கடலையில் பிடிக்கும் ஒருவகைப் பூசணம் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, அவை தின்ற கடலைப் பிண்ணாக்கிலிருந்துதான் இந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டது. கல்லீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் இது வறுத்தாலும் முழுதாக அழியாது. நேரடியாக உண்ணும் கடலையில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் மொத்த அளவு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். அதாவது, ஒரு டன் கடலையில் வெறும் 4 மில்லிகிராம். கண்ணுக்கும் நாக்குக்கும் தெரியாத அளவு. மூட்டைக்கு ஒரு கை அள்ளிப் பார்த்துத் தரம் சொல்லும் பழக்கத்தால் இதைப் பிடிக்க முடியாது. நஞ்சு மூட்டை முழுக்கப் பரவியிருப்பதுமில்லை. நாலு பருப்பில் குவிந்திருக்கும். அதனால் மாதிரி எடுப்பதற்கே ஒரு முறை இருக்கிறது. ஆய்வகச் சான்றும், எந்த வயலில் விளைந்து எந்தக் கிடங்கில் இருந்தது என்ற பதிவும் இல்லாமல் அங்கே கதவு திறக்காது. மிட்டாய்க்காரர் எவ்வளவு சுத்தமாகப் பாகு காய்ச்சினாலும், விவசாயி களத்தில் கடலையைக் காய வைக்கிறபோதே பாதி தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

2020இல் எள் ஏற்றுமதி பட்ட பாடும் இப்படித்தான். இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற வாயுவின் எச்சம் இருப்பதை பெல்ஜியம் கண்டறிந்தது. கிருமியைக் கொல்ல அடித்த வாயு அது. ஐரோப்பிய வரம்போ கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். அதன்பின் ஐரோப்பா முழுவதும் எள் சேர்ந்த பொருட்களைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

அடுத்தது லேபிள். அமெரிக்காவில் ஒவ்வாமை தரும் முதன்மை உணவுகள் 9. கடலை முன்பே அந்தப் பட்டியலில் உண்டு. எள் 2023 ஜனவரி முதல் சேர்ந்தது. ஒரே பலகையில் காலையில் எள் மிட்டாயும் மாலையில் கடலை மிட்டாயும் தட்டும் பட்டறையில் ஒன்றின் துகள் மற்றதில் ஒட்டும். எள் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தத் துகளே உயிருக்கு ஆபத்து. இதை வெள்ளைக்காரன் கெடுபிடி என்று ஒதுக்காமல், பலகையைப் பிரித்து வைப்பதும் இடையில் நன்றாகக் கழுவுவதும்தான் நேர்மையான வழி. பட்டறையையும் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் பதிவுசெய்து, இரண்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வளைகுடா நாடுகளுக்கு லேபிளில் அரபு மொழி வேண்டும்.

இத்தனையையும் ஒரு குடும்பத் தொழில் தனியாகச் சுமக்க முடியாது. ஒரு முழுக் கன்டெய்னரை நிரப்பும் அளவுக்குச் சரக்கும் சிறு உற்பத்தியாளரிடம் இருக்காது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ உள்ள ஏற்றுமதி வணிகரிடம் கொடுத்துத் தொடங்குவதில் இழுக்கில்லை. லாபம் குறைந்தாலும் வாங்குபவர் என்ன கேட்கிறார் என்பது புரியும். சிறு பொட்டலங்களை அனுப்ப அஞ்சல் துறை 2022 முதல் ஏற்றுமதி மையங்கள் நடத்துகிறது. குறு உணவுத் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டத்தில் இயந்திரம் வாங்க 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. அதே திட்டத்தில் பொதுக் கட்டமைப்புக்கும் உதவி இருக்கிறது. அதைத்தான் சங்கங்கள் முதலில் கேட்க வேண்டும் என்பேன். பத்துப் பட்டறைக்குப் பத்து இயந்திரம் வாங்குவதைவிட, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கடலை உலர்த்தும் இடமும், ஈரப்பதம் பார்க்கும் கருவியும், ஆய்வகத்தோடு ஓர் ஒப்பந்தமும் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கும்.

பணம் பற்றி ஒரு வார்த்தை. முதல் ஆர்டரிலேயே கடனுக்குச் சரக்கு அனுப்பி ஏமாந்து தொழிலை விட்டவர்கள் உண்டு. பாதியையாவது முன்பணமாக வாங்குங்கள்; மீதிக்கு வங்கியின் கடனுறுதிக் கடிதம் கேளுங்கள். வாங்கியவர் பணம் தராமல் போனால் இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்ட, 1957இல் தொடங்கிய அரசின் ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம் இருக்கிறது. அதன் காப்பீட்டைச் சரக்கு கிளம்பும் முன்பே எடுத்திருக்க வேண்டும்.