தனக்கு மிஞ்சியே தானம்

மகளுக்கு எட்டு வயதாகும்போதே அவளது கலியாணத்துக்குப் பணஞ் சேர்க்கத் தொடங்கும் தந்தையரை நாம் அறிவோம். அடுத்த ஆண்டு வேலியடைப்புக்கு வேண்டிய ஓலையை இவ்வாண்டே கணக்குப் பார்ப்போரும் நம்மிடையே உளர். ஆயினும், எண்பதாவது வயதில் தம்மைக் கைபிடித்துக் கிணற்றடிக்கு அழைத்துச் செல்பவர் யார் என்பதை இவர்களுள் எத்துணைப்பேர் ஒரு நாளாவது எண்ணிப் பார்த்திருப்பர்? அப்பேச்சை எடுப்பதே அபசகுனம் என்பாருமுளர். மரணசாதனம் எழுதினால் மரணம் விரைந்து வந்துவிடும் என அஞ்சும் பட்டதாரிகளையும் நாம் கண்டிருக்கின்றோம். படிப்புக்கும் இவ்வச்சத்துக்கும் தொடர்பில்லைப் போலும்.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே இலங்கை மக்களுள் நூற்றுக்குப் பன்னிருவருக்கு மேற்பட்டோர் 60 வயதைக் கடந்தவராயிருந்தனர். அத்தொகை அதன்பின் உயர்ந்தே வருகின்றது. வடபகுதியிலோ பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் வாழ, பெற்றோர் இருவரும் பெரிய கல்வீட்டில் தனித்திருக்கும் காட்சி ஒழுங்கைக்கு ஒழுங்கை உண்டு. ஆதலின் இதனை வாசகர்களுடன் சற்று விரிவாகவே பேச விரும்புகின்றோம்.

முதலிற் காணி விடயம். நம்மவர் செய்யும் ஒழுங்குகளுள் மிகப் பெரியதும் மிகவும் அவசரப்பட்டுச் செய்யப்படுவதும் நன்கொடை உறுதியே. எமக்கு அறிமுகமான முதிய தம்பதியர் இருந்தனர். ஊரும் பேரும் வேண்டா. இருந்த ஒரே வீட்டை இளைய மகளுக்குச் சீதனமாக எழுதினர். நொத்தாரிசு சீவிய உருத்து வைப்பதா எனக் கேட்டபோது, மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று கூசி, வேண்டாமென்றனர். ஆறாண்டு கழித்து மருமகன் வெளிநாட்டுப் பயணத்துக்காக மனைவியின் கையொப்பத்துடன் வீட்டை ஈடுவைத்தார். பயணம் இடைவழியில் முறிந்தது, கடன் முறியவில்லை. ஏலவிற்பனை அறிவித்தல் வந்த நாளிற்றான் தாம் குடியிருப்பது பிறருடைய வீட்டில் என்பதை அம்முதியவர்கள் உணர்ந்தனர். மகள் கெட்டவளல்லள். மருமகனையும் கெட்டவரென நாம் சொல்லமாட்டோம். உறுதியில் ஒரு வரி இல்லாமற் போயிற்று, அவ்வளவே.

அந்த வரிதான் சீவிய உருத்து. காணியின் உரிமை பிள்ளைக்குச் செல்ல, அதில் வசிக்கவும் அதன் பயனை அனுபவிக்கவும் உள்ள உரிமையைக் கொடுப்பவர் தம் ஆயுள்வரை தம்மிடம் நிறுத்திக்கொள்வதே அது. பின்னர் அக்காணியை வாங்குபவரோ ஈடுபிடிப்பவரோ அவ்வுரிமைக்கு உட்பட்டே எதையும் பெறுவர். கணவன் மனைவி இருவருக்குமாக, இருவருள் எஞ்சியிருப்பவரின் ஆயுள்வரை நீடிக்குமாறு அதனை எழுதுவித்தல் வேண்டும். கணவர் பெயருக்கு மட்டும் வைத்து, அவர் காலமானபின் மனைவி நடுத்தெருவில் நின்ற கதைகளும் உண்டு.

கொடுத்ததை மீளப் பெறலாமே என்று சிலர் தைரியம் கூறுவர். அது எளிதன்று. மீளப்பெற முடியாததென எழுதப்பட்ட நன்கொடையை, பெற்றவரின் கொடிய நன்றியீனத்தைக் காரணமாகக் காட்டி இரத்துச் செய்விக்கச் சட்டத்தில் இடமுண்டு. எனினும் 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி அதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும். நொத்தாரிசிடம் சென்று இன்னோர் உறுதி முடித்துவிட்டால் தீர்ந்தது என்ற நிலை இல்லை. எழுபத்தைந்து வயதில், பெற்ற பிள்ளையை எதிராளியாக நிறுத்தி, வழக்குத் தவணைக்குத் தவணை நீதிமன்றப் படியேறும் வலிமை எத்தனை பேருக்குண்டு?

மரணசாதனமோ வேறு தன்மையது. அது எழுதியவர் இறந்தபின்பே உயிர்பெறுவது. அதுவரை எத்தனை முறையும் மாற்றலாம், கிழித்தும் எறியலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி அது நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒருங்கேயிருக்க, அவர்கள் முன்னிலையிற் கையொப்பமிடப்படுதல் வேண்டும். நொத்தாரிசு இல்லாதவிடத்துச் சாட்சிகள் ஐவர் வேண்டும். கொப்பித்தாளில் எழுதித் தலையணைக்கீழ் வைத்த கடிதத்துக்கு இச்சட்டத்தின்முன் மதிப்பில்லை. சொத்திற் பங்குபெறுவோரைச் சாட்சியாக நிறுத்துதல் வீண் வம்புக்கு வித்தாகும். மரணசாதனம் எழுதியபின் விவாகஞ் செய்தால் முன்னெழுதியது வலுவிழக்கும் என்பதை மறுமணம் புரிவோர் மறத்தலாகாது.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல், எழுத்துருப் பெற்ற தேசவழமைக்கு உட்பட்ட பெண்களுக்கு இங்கு ஒரு வார்த்தை. கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி மனைவி தன் அசைவற்ற ஆதனத்தைப் பிறருக்கு உறுதி முடித்துக் கொடுக்கலாகாது என 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள் கட்டளைச் சட்டம் விதித்தது. அதே சட்டம் மரணசாதனத்தை அத்தடைக்குப் புறம்பாக வைத்தது. கணவன் எங்கிருக்கின்றான் என்றே தெரியாத பெண்கள் பலர் வாழும் இப்பிரதேசத்தில், தன் சீதனக் காணி யாருக்கென மரணசாதனத்தில் எழுத அவளுக்கு எவர் கையொப்பமும் வேண்டியதில்லை என்பது நமது தாய்மாருள் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது அற்றோணித் தத்துவம். வங்கி, ஓய்வூதியம், காணி ஆகிய கருமங்களைப் பெறாமகன் ஒருவர் பார்க்கட்டும் என முதியவர் கையொப்பமிட்டுக் கொடுப்பது வழக்கம். கொடுத்தவர் இறந்த கணமே அதுவும் இறந்துவிடுகின்றது. அதற்குமேலும் ஒரு சிக்கலுண்டு. இங்கிலாந்திலே, 2005ஆம் ஆண்டின் சட்டமொன்றினால், கொடுத்தவர் அறிவு தடுமாறிய பின்பும் நிலைத்துநிற்கும் தத்துவப் பத்திரம் ஏற்பட்டது. லண்டனிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் இங்கும் அவ்வாறே என எண்ணி, அப்பாவின் கையொப்பமொன்றை வாங்கி வைத்துவிட்டு நிம்மதியாக விமானமேறுகின்றனர். நம் நாட்டுச் சாதாரண அற்றோணித் தத்துவம், கொடுத்தவர் சித்தசுவாதீனம் இழந்தபின் கைகொடுக்காது. அந்நிலையில் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து, விசாரணை நடந்து, அவரது சொத்தைப் பராமரிக்க ஒருவர் நியமிக்கப்படுதல் வேண்டும். அது மாதக்கணக்கான அலைச்சல்.

ஆதலின் நினைவு தெளிவாயிருக்கும் காலத்திலேயே எழுதவேண்டியவற்றை எழுதிவிடுதல் நன்று. மறதி நோய் ஒரே நாளில் வருவதன்று. திறப்பை வைத்த இடம் மறப்பது யாவர்க்கும் இயல்பு. திறப்பு எதற்கு என்பதே மறப்பதும், பழகிய சந்தையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பதும் நோயின் அறிகுறிகள். வயது போனால் அப்படித்தான் என்று தள்ளிவிடாது வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். தைரொயிட் குறைவு, விற்றமின் குறைபாடு, மனச்சோர்வு என்பனவும் மறதிபோல் வேடமிட்டு வருவதுண்டு. அவை மருந்துக்கு இணங்குபவை. எண்பதைத் தாண்டியவர் உறுதியோ மரணசாதனமோ முடிக்கும்போது, அறிவுத் தெளிவுடன் இருக்கின்றார் என அதேவாரத்தில் வைத்தியரிடம் சான்றிதழ் பெற்றுவைப்பின், பின்னர் வழக்காடுவோரின் வாய் பெரிதும் அடங்கும்.

உடல்நலத்தைப் பற்றிப் பலரும் எழுதுகின்றனர். நாம் வீட்டைப் பற்றி மட்டும் கூறுவோம். முதியோரைப் படுக்கையில் வீழ்த்துவதில் வழுக்கி விழுதலுக்குப் பெரும் பங்குண்டு. இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டி மீண்டும் பழையபடி நடப்பது அரிது. பாசி படிந்த கிணற்றடி, வெளிச்சமில்லாத கோடிப்புறம், வளவின் மூலையிலுள்ள கழிவறை, உயரமான வாசற்படி ஆகிய இவையே நம் வீடுகளின் பொறிகள். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தில் முன்மண்டபத்துக்குப் பளபளக்கும் தரையோடு பதித்து, அதிலேயே தாயார் சறுக்கி விழுந்த வீடு ஒன்றை நாம் அறிவோம். அப்பணத்தில் நூற்றிலொரு பங்கு குளியலறைச் சுவரில் இரண்டு கைபிடிக்கும் ஒரு கொமட்டுக்கும் போதுமானதாயிருந்திருக்கும்.

கிளினிக் கொப்பியை எங்கு வைத்திருக்கின்றார் என்பதை வீட்டில் இன்னொருவராவது அறிந்திருத்தல் அவசியம். எம்மருந்து ஒவ்வாது என்பதை அதன் முதற்பக்கத்திற் பெரிய எழுத்தில் எழுதிவைக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் நோயாளர் வண்டி இலவசமாக வரும் என்பதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சொல்லிவைத்தல் நன்று. மூச்சுக் குழாயும் இயந்திரமும் எதுவரை வேண்டும், இறுதிநாள் வீட்டிலா வைத்தியசாலையிலா என்பன பற்றித் தம் விருப்பத்தைப் பிள்ளைகள் யாவரும் இருக்கும்போது ஒருமுறை பேசி, ஒரு தாளில் எழுதியும் வைத்தால், நள்ளிரவில் வைத்தியர் கேட்கும் கேள்விக்கு மூன்று நாடுகளிலிருந்து மூன்று விடைகள் வரும் அவலம் நேராது.

இனி, பராமரிப்பது யார் என்ற கேள்வி. இங்கேதான் குடும்பங்கள் உள்ளூர முறிகின்றன. ஒரு மகள் ஊரிலேயே தங்கி, பத்தாண்டு தாயின் படுக்கைவிரிப்பைத் துவைக்கின்றாள். மற்றையோர் தொலைபேசியில் அன்பு பாராட்டுகின்றனர். தாய் மரணசாதனமின்றி மறைந்தபின், அனைவரும் சமபங்கு கேட்டு வருகின்றனர். இது சட்டப்படி சரி. நியாயப்படி சரியென நாம் ஒப்பமாட்டோம். 1844ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் தன் சொத்தைத் தான் விரும்பியவர்க்கு விடும் சுதந்திரத்தை அளித்திருக்கின்றது. பராமரித்தவளுக்கு வீட்டை விட அச்சுதந்திரத்தைப் பயன்படுத்தும் பெற்றோர் பாரபட்சம் காட்டுகின்றனர் என யாரும் கூறற்க. வெளியே உள்ளவர்களும், துணையாள் ஒருவருக்கான மாதச் சம்பளத்தை இன்னார் இவ்வளவு தருவது எனத் தாயார் நடமாடும் காலத்திலேயே வகுத்துக்கொள்ளல் வேண்டும்.

பிள்ளைகள் இருந்தும் கைவிடப்பட்டோருக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் வழி வகுத்திருக்கின்றது. தம்மைத் தாமே பேண இயலாத முதியவர், பிள்ளைகளிடமிருந்து மாதாந்தப் பராமரிப்புப் பணம் பெற்றுத்தருமாறு அதன்கீழ் அமைந்த பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். எவருமே இல்லாதவர்க்குக் கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு. அங்கு செல்வதை இழிவெனப் பேசுவோர், அப்பேச்சுக்குப் பதிலாக ஒருவேளைச் சோற்றைக் கொண்டுசென்று கொடுத்தால் உபகாரமாயிருக்கும். இவை பற்றிய விபரங்களைப் பிரதேச செயலகத்தின் சமூகசேவைப் பிரிவிற் கேட்டறியலாம். 60 வயது நிறைந்தோர்க்கான அடையாள அட்டைக்கும் அங்கேயே வழி கேட்கலாம்.

ஆவணங்களைப் பொறுத்தமட்டில், யுத்தகால இடப்பெயர்வில் உறுதிகளை இழந்தோர் காணிப் பதிவகத்திற் சான்றுப்படுத்திய பிரதி பெற முயலலாம்; நொத்தாரிசு முடித்த உறுதியின் இணைப்பிரதி அங்கு செல்வது முறை. அடையாள அட்டையிற் கந்தையா, உறுதியிற் கந்தப்பு எனப் பெயர் மாறியிருப்பின், இருவரும் ஒருவரே என்பதைக் கூறும் சத்தியக் கடதாசியை உரியவர் உயிரோடிருக்கும்போதே முடித்துவைத்தல் நன்று. அவருக்குப் பின் அதனை நிறுவப் பிள்ளைகள் படும்பாடு பெரிது. அரச ஊழியர்களுக்கு இன்னொன்று. கோவிலில் தாலிகட்டி, விவாகப் பதிவு செய்யாமலே முப்பது ஆண்டு வாழ்ந்த தம்பதியர் இன்றும் உளர். அவ்விவாகம் வழக்காற்றின்படி செல்லுபடியாகலாம். ஆனால் கணவரின் பின் விதவை ஓய்வூதியம் கேட்டுச் செல்லும் மனைவியிடம் அலுவலகம் முதலிற் கேட்பது பதிவுச் சான்றிதழையே. ஓய்வுபெறும் நாளுக்கு முன்னரே பதிவாளரிடம் இருவருமாகச் சென்று வருவது நலம். பேரப்பிள்ளைகள் சிரித்தாற் சிரிக்கட்டும்.