மெட்டுக் காற்றும் நூறு கிராம் ஜாக்கெட்டும்

போடிமெட்டு, குரங்கணி பக்கம் மலையேறவோ ஓடவோ கிளம்பும் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: எந்த விண்ட்சீட்டர் வாங்கலாம்? காற்றை முழுசாத் தடுக்காத ஒன்றாப் பார்த்து வாங்குங்க என்பேன். காற்றுக்காக வாங்குற ஜாக்கெட் காற்றை விடணுமா என்று முறைப்பார்கள். ஆமாம், விடணும். எவ்வளவு விடணும் என்பதுதான் விஷயமே.

முதல்ல இடத்தைப் பார்ப்போம். போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர். மெட்டு சுமார் 1,400 மீட்டர். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அது மட்டும்னா பெரிய விஷயமில்லை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று கேரளப் பக்கச் சரிவில் ஏறி, ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, மலையின் தாழ்ந்த விளிம்புகள் வழியாக நெருக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறது. போடிமெட்டு அப்படி ஒரு விளிம்பு. கீழே போடியில் வெயில் அடிக்கும்போது மேலே மேகம் சாலையைக் கடந்துகொண்டிருக்கும்.

இதில் நடப்பவருக்கு ஒரு சிக்கல் இருக்கு. நாம் ஏறுவது கிழக்குச் சரிவில், அதாவது காற்றுக்கு மறைவில். வேர்த்துக் கொட்டும். உச்சியை எட்டி நிற்கும்போது பனியன் நனைந்திருக்கும். காற்று நேரா மார்பில் அடிக்கும்.

காற்றுக் குளிர்ச்சிக்கு அமெரிக்காவும் கனடாவும் 2001-ல் கொண்டுவந்த ஒரு சூத்திரம் இருக்கு. பலர் அதைப் போட்டுப் பார்க்கிறாங்க. அது 10 டிகிரி அல்லது அதற்குக் கீழே மட்டும் செல்லுபடியாகும்; காய்ந்த தோலுக்கான கணக்கு. நம்ம மலைக்கு அது பொருந்தாது. இங்கே எதிரி ஈரம்.

கணக்குப் போடுவோம். ஒரு பனியனில் 150 மில்லி வியர்வை தேங்கியிருக்குன்னு வைங்க. ஒரு மில்லி ஆவியாக ஏறக்குறைய 2.4 கிலோஜூல் வேணும். மொத்தம் 360 கிலோஜூல். 65 கிலோ எடையுள்ள உடம்பை ஒரு டிகிரி குளிரவைக்க சுமார் 227 கிலோஜூலை உருவினால் போதும். அந்த வெப்பம் முழுவதும் உடம்பிலிருந்தே போனால் ஒன்றரை டிகிரி இறங்கும். 37-லிருந்து 35.5. மருத்துவர்கள் ஹைப்போதெர்மியா என்று சொல்லும் எல்லை 35. நிஜத்தில் ஒரு பங்கு வெப்பம் காற்றிலிருந்து வரும். உடம்பும் சும்மா இருக்காது, நடுங்கியாவது சூடு உண்டாக்கும். ஆனால் ஏறும்போது 600, 700 வாட் சூடு உண்டாக்கிய அதே உடம்பு, நின்றதும் சுமார் 100 வாட்டுக்கு வந்துவிடும். காலில் சுளுக்கு, கூட வந்தவருக்காகக் காத்திருப்பு, வழி தவறல் என்று எதுவாக இருந்தாலும், நிற்க வேண்டி வந்த நேரம்தான் ஆபத்தான நேரம்.

பைக்கில் போடும் விண்ட்சீட்டர் ஏன் ஆகாது என்பது இப்போ புரியும். உள்ளே பூச்சு பூசின துணி. காற்று துளியும் நுழையாது. ஏறும்போது போட்டால் உள்ளேயே குளியல். போடாமல் பையில் வைத்தால் அரைக்கிலோ சுமை. மழை ஜாக்கெட்டும் ஏறக்குறைய இதே கதைதான். மழைக்கு அது வேணும், காற்றுக்கு அல்ல.

துணியின் காற்றுவிடும் தன்மையை சி.எஃப்.எம். என்ற அளவில் சொல்வார்கள்: குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரு சதுர அடித் துணி வழியாக நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று போகிறது என்பது. பூச்சுத் துணிக்குப் பூஜ்யம். பின்னல் பனியன் துணி 100-ஐத் தாண்டும். ஏற்றத்தில் கழற்றாமலே போட்டிருக்க 30-லிருந்து 50 வரை எனக்குச் சரியாகப் படுது. 10-க்குக் கீழே இருந்தால் அது நின்று வேடிக்கை பார்ப்பவருக்கான ஜாக்கெட். கொடுமை என்னன்னா, பெரும்பாலான கம்பெனிகள் இந்த எண்ணை அட்டையில் போடுவதில்லை. கடையில் துணியை வாயில் ஒட்டவைத்து ஊதிப் பாருங்கள். கொஞ்சம் முயன்றால் மறுபக்கம் விரலில் காற்று படணும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஒரு பக்கம் பளபளப்பாக இருக்கும் துணியில் இன்னும் கவனம் தேவை. அது சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி, இழை இடுக்குகளை அடைத்த துணி. துவைக்கத் துவைக்க இடுக்கு திறக்கும். தண்ணீர் உருண்டோடும் மேல்பூச்சும் அப்படித்தான், கொஞ்ச நாள் விருந்தாளி. தூறலுக்குத் தாங்கும், மழைக்குத் தாங்காது.

அடுத்து டெனியர். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுதான் டெனியர். 10 டெனியர் ஜாக்கெட் கைக்குட்டை மாதிரி மடங்கும், ஆசையாத்தான் இருக்கும். ஆனால் இந்தச் சரிவுகளில் உண்ணிச்செடி முள் இருக்கு. 20 டெனியர், தலைமூடியோடு 100 கிராம் சுமார் என்றால் எனக்குப் போதும்.

ஏலத்தோட்ட வேலைக்கு விடியலில் போடியிலிருந்து ஜீப்பில் ஏறும் பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேலே ஆண்கள் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. நெருக்கி நெய்த பருத்திச் சட்டை உண்மையிலேயே நல்ல காற்றுத் தடுப்பு. காற்றையும் அளவாக விடும். குறை ஒன்றே: நனைந்தால் லேசில் காயாது. நைலான் ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

நைலான் தோற்கும் இடமும் ஒன்று இருக்கு. 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலை, குரங்கணி சரிவில் காய்ந்த புல்லில் தீ பரவி, மலையேற்றம் வந்தவர்கள் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். அந்தத் தீயில் யார் என்ன துணி உடுத்தியிருந்தார் என்பதல்ல என் பேச்சு. எந்த ஜாக்கெட்டும் அப்படிப்பட்ட தீயைத் தாங்காது. ஆனால் நைலான் வகையைப் பொறுத்து 220, 260 டிகிரியில் உருகித் தோலில் ஒட்டும். பாலியஸ்டரும் அப்படியே. பருத்தி எரியும், உருகாது. மாசி, பங்குனியில் புல் காய்ந்திருக்கும்போது வனத்துறை பாதையை மூடினால் அந்தப் பக்கமே போகக் கூடாது. திறந்திருக்கும் பாதையில் அனுமதியோடு போனாலும் அந்த மாதங்களில் உடம்பில் பருத்தி முழுக்கைச் சட்டை இருக்கட்டும். நைலான் பைக்குள்ளேயே கிடக்கட்டும்.